பல் பதிந்த ஈயம்

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய சிகரெட் டப்பா இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சின் மேல் சுண்டைக்காய் அளவில் ஓர் உருண்டை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது; இப்போது பழுத்த பல்லின் நிறம். ஒரு பக்கம் தட்டை, அதில் இரண்டு மூன்று மரச் சிலாம்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மறு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள். பேரப்பிள்ளைகள் அதைக் கடற்கரையில் பொறுக்கிய ஏதோ கிளிஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. அந்தப் பள்ளங்கள் என் மாமனாருடைய முன்பற்களின் தடம். ஆளைக் கல்லறையில் வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடி மட்டும் என்னிடம் இருக்கிறது.

அடையாற்றங்கரையில் வெள்ளைக்காரர்கள் பாய்மரப் படகு விடுவதற்கென்று ஒரு கிளப் வைத்திருந்தார்கள். படகுகளைச் செப்பனிடும் கொட்டகைக்கு என் மாமனார் மேஸ்திரி. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அவர் மகளை நான் கட்டினேன். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. ஸ்கூல் பைனல் பாஸ் செய்துவிட்டு வாத்தியார் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். வேலை வாங்கித் தருகிறேன், வீட்டோடு இரு என்றார். அப்படியே கொட்டகையின் ஸ்டோருக்குக் குமாஸ்தா ஆனேன். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். நான் விருந்துக்குப் போகவில்லை, ஆகையால் மூன்று நாள் மரியாதையும் கிடைக்கவில்லை. சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் அவர் மாமனார். காலையில் நடந்தே ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே மேலதிகாரி. இருபத்துநாலு மணி நேரமும் ஒரே முகம். மாப்பிள்ளையை 'நீங்க' என்று அழைப்பது எங்கள் ஜனங்களுக்குள் எவ்வளவு ஏழை வீட்டிலும் உள்ள வழக்கம். அவர் ஒரு நாளும் அழைத்ததில்லை. 'நீ'கூடத் தயவு வந்த நாளில்தான். மற்ற நாளெல்லாம் 'ஸ்கூல் பைனலு'.

தொழிலில் அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. இத்தனை வெறுப்புக்குப் பிறகும் வராது. படகின் மேல்தட்டில் கயிறு சுற்றக் கொம்பு, பாய்க்கயிறு ஓட வளையம், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கத் தகடு என்று எத்தனையோ பித்தளைச் சாமான்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மரத்தில் துளை போட்டுத் திருகாணி முடுக்க வேண்டும். அந்தத் துளைதான் படகுக்கு எமன். பித்தளைக்கும் தேக்குக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினால் போதும், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் கருத்துப் பஞ்சாகிவிடும். ஒரு நாள் நல்ல காற்றில் தகடு பிடுங்கிக்கொண்டு பாய்மரம் ஆளின் தலையில் விழும். ஆகையால் சாமானுக்கு அடியில் எதை வைத்து அடைப்பது என்பதுதான் கொட்டகையில் பெரிய விஷயம். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி வைப்பது மீன்பிடிப் படகுக்குச் சரி. பித்தளைக்கு அடியில் அது கல்லாக இறுகி, கயிறு ஒரு இழுப்பு இழுத்ததும் வெடித்துவிடும். தார் சித்திரை வெயிலில் இளகித் துரையின் வெள்ளைக் கால்சட்டையில் ஏறும். ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு ஒரு மழைக்குத் தாங்கும், மறு மழைக்குப் பொடி. கடைசியில் மிஞ்சுவது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளை ஈயக் களிம்பு. அது பல வருஷம் இறுகாமல், மரம் விரிந்தால் விரிந்து, சுருங்கினால் சுருங்கிக் கிடக்கும். அதிலும் முதல் நாளே திருகாணியை முழுசாக முடுக்க விடமாட்டார். "எல்லாத்தையும் பிதுக்கி வெளியே தள்ளிட்டா உள்ள இன்னா கீது? மெத்த மாதிரி கொஞ்சம் இருக்கணும்டா" என்பார். பாதி முடுக்கி, நாலு நாள் விட்டு, பிறகு மீதி. இவ்வளவு பொறுமையை மனிதர்களிடம் அவர் காட்டி நான் பார்த்ததில்லை.

யுத்த காலத்தில் நல்ல ஈயம் கிடைக்கவில்லை. சீமையிலிருந்து கப்பலில் வந்தால் உண்டு. கடைக்காரர்கள் சீமைச் சுண்ணாம்பை அரைத்துக் கலந்து பழைய டப்பாக்களில் அடைத்து விற்றார்கள். கண்ணுக்குப் பேதம் தெரியாது. என் மாமனாரின் பல்லுக்குத் தெரியும். டப்பாவைத் திறந்ததும் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து உருட்டி முன்பற்களுக்கு நடுவே வைத்து மெல்லக் கடிப்பார். சுண்ணாம்பு கலந்திருந்தால் நறநறவென்னும். சுத்த ஈயமானால் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு பல் இறங்கும். "நல்ல ஈயம் தித்திக்கும்டா" என்று நாக்கைச் சப்புக்கொட்டுவார். தேறிய உருண்டையை ஸ்டோர் வாசக்காலில் ஒட்டிவிட்டுப் போவார். அதுதான் முத்திரை, அதற்குப் பிறகு அந்த டப்பாவை யாரும் கேள்வி கேட்க முடியாது. இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம்வரை வரிசையாக, பல் தடத்தோடு வெள்ளை உருண்டைகள் அந்த வாசக்காலில் இருந்தன. தேறாத உருண்டை என் சட்டைக்கு வரும். வாங்கியவன் நான்தானே. எச்சிலோடு உருட்டி எறிவார். குறி ஒரு நாளும் தப்பியதில்லை. ஆளிவிதை எண்ணெய்க் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. என் மனைவி கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குக் கோவம் மூக்கு மேல, மனசுல ஒண்ணும் கெடையாது" என்பாள். ஒரு தடவை கிளப் காரியதரிசி துரை பெண்சாதியோடு வந்து நின்றபோது எறிந்தார். கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. துரை சிரித்தார், துரைசானி சிரித்தாள், தச்சர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. புது மாதிரி டப்பா எது வந்தாலும் மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை நான் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். என்னைக் கட்டிக்கொடுத்ததே அதற்குத்தான் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார். யுத்தம் முடிகிற சமயத்தில் நல்ல சீமை ஈயம் மறுபடி வர ஆரம்பித்தது. முதல் டப்பா வந்த அன்று பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "படி" என்றார். எவ்வளவு எண்ணெய், எப்படிக் குழைப்பது, எத்தனை நாளில் காயும் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசியில் ஒரு கட்டத்துக்குள் பொடி எழுத்தில் நாலு வரி. "இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா" என்றேன். "போதும் நிறுத்து. டப்பா படிக்கச் சொன்னா பூசை வெக்கிறான். எனக்கு நீ இன்னா கத்துக் குடுக்கப் போறே?" என்று எழுந்துவிட்டார். தச்சர்கள் சிரிக்க, நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று அந்த நாலு வரியை நானும் படிக்கவில்லை. இதுவரைக்கும் நான் நிரபராதி. இந்த இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் இதைச் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் வராது.

அடுத்த வருஷம் அவருக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. வந்தால் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவார். வாயு என்று பெருங்காயம் தின்றார், சூடு என்று விளக்கெண்ணெய் குடித்தார். முகம் வெளுத்தது. ஒரு நாள் உருண்டையைக் கடிக்க உதட்டைத் தூக்கியபோது, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி நீலம் ஓடியிருந்ததைப் பார்த்தேன். பிறகு வலது கை. திருகாணி முடுக்கத் திருப்புளியைப் பிடித்தால் மணிக்கட்டு நிற்கவில்லை. கையைக் கீழ்ப்பக்கமாகத் தொங்கவிட்டு உதறிக்கொண்டே இருப்பார். யாராவது பார்த்தால், "கயிறு இழுத்து மரத்துப் போச்சு" என்பார்.

ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோரில் நான் தனியாக இருந்தேன். எதற்கென்று சொல்லத் தெரியவில்லை, அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். இது விஷம். வாயில் படக் கூடாது. சாப்பிடுவதற்கு முன் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். வயிற்றுவலியோ கைத்தளர்ச்சியோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். நாலே வரி. வாசல் வழியாகப் பார்த்தால் வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்து, காலையிலிருந்து களிம்பு குழைத்த கையைத் துண்டில் துடைத்துவிட்டு, மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சொல்லிவிட எழுந்தேன் என்பது சத்தியம். பக்கத்தில் போய், "மாமா" என்றேன். அவர் தலையைத் தூக்காமல் பக்கத்திலிருந்த தச்சனிடம், "பாரு, ஸ்கூல் பைனலு வந்துட்டான். நாம சாப்புட ஒக்காந்தா கரெக்டா மோப்பம் புடிச்சுக்கினு வந்துருவான்" என்றார். என் பங்குச் சோறு அப்போது தூக்குச்சட்டியில் ஸ்டோரில் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்று திரும்பி வந்துவிட்டேன்.

கோபத்தில் ஒரு நாள் வாயடைத்துப் போனதை எந்தச் சாமியாரும் மன்னித்துவிடுவார். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அடுத்த வாரம் புது டப்பா வந்தது. மூடியை நான்தான் நெம்பித் திறந்தேன். அவர் விரல்கள் உருட்டத் தடுமாறின. ஆகையால் நானே சுண்டைக்காய் அளவு உருட்டி, அவர் உதட்டருகே நீட்டி, "நல்லாருக்கா பாருங்க மாமா" என்றேன். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "தித்திக்குதுடா" என்றார். நான் அதை வாசக்காலில் ஒட்டினேன். பிறகு காகிதம் கிழியாமல் தண்ணீர் தடவி அந்தப் பொடி எழுத்துக் கட்டத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, மூடியைப் போட்டேன். அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு டப்பாவுக்கும் அப்படியே செய்தேன். கொட்டகையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். உள்ளுக்குள் பயந்தவன் செய்கிற காரியம் அது.

சுதந்திரம் வந்து, மதுவிலக்கும் பட்டணத்துக்கு வந்த புதிது. காரியதரிசி துரையின் சொந்தப் படகில் மாமனார் பாய்மரத் தகட்டை வைத்துக்கொண்டிருந்தார். துரை பக்கத்திலேயே நின்றிருந்தார். மாமனாரின் கையிலிருந்து திருப்புளி நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை அது மேல்தட்டில் உருண்டு ஆற்றில் விழுந்தது. வெளுத்த முகம், நடுங்குகிற கை, ஆடுகிற மணிக்கட்டு. துரை என் பக்கம் திரும்பி, இவன் எங்கேயாவது திருட்டுச் சாராயம் குடிக்கிறானா என்று கேட்டார். நான் அதை மாமனாருக்குத் தமிழில் சொன்னேன். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "மாதா மேல சத்தியம், வாய்ல வெச்சதில்ல. சொல்லு மாப்ளே. தொரைக்கு நல்லா எடுத்துச் சொல்லு" என்றார். முதல் தடவையாக என்னிடம் ஒன்றை யாசித்தார். நான் துரையிடம், "குடிப்பதில்லை என்று அவர் சொல்கிறார்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். துரைக்குக் குரலின் அர்த்தம் புரிந்தது. மறுநாளிலிருந்து அவர் வர வேண்டாம் என்றார். மாதக் கடைசியில் கொட்டகைப் பொறுப்பு எனக்கு வந்தது.

வீட்டில் அவர் கூடத்துக் கயிற்றுக் கட்டிலோடு இருந்துவிட்டார். வலது கை மடியில் செத்த புறா மாதிரி கிடக்கும். சாராயப் பேச்சு சாந்தோம் தெருவெல்லாம் பரவி, கோயிலுக்குப் போகும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் மனைவி அழுதாள். "எங்கப்பா குடிக்க மாட்டாருங்க, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொன்னேன். ஒரு நாள் பிடிவாதமாக அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வெகு நேரம் பார்த்தாராம். உதட்டைத் தூக்கிப் பார்த்ததும் என்ன வேலை என்றுதான் முதலில் கேட்டாராம்; அதுவரை அவளுக்குக் காதில் விழுந்தது. வெளியே வந்த அப்பாவிடம் என்னவென்று கேட்டதற்கு, "நரம்புத் தளர்ச்சியாம். வயசாச்சில்ல" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் இதை என்னிடம் சொன்னபோது, டாக்டர் ஈயத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் மீன் பொரியும் சத்தம். "மாப்ளே, அந்தச் சீமை டப்பா மொதல்ல வந்த அன்னிக்கு நீ படிச்சிக்கினு இருந்தே. கடைசியா இன்னும் கொஞ்சம் கீதுன்னே. நான் வேணாம்னுட்டேன். இன்னா போட்டிருந்துச்சு அதுல?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. நான் சட்டையை ஆணியில் மாட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டு, "கம்பெனி விலாசம், மாமா" என்றேன்.

என் மனைவி தட்டு வைத்தாள், நான் உட்கார்ந்து சோற்றில் கை வைக்கப் போனேன். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மாப்ளே, இப்ப நீங்கதான் அந்த டப்பாவ தொடுறீங்க. சாப்புடுறதுக்கு முன்னாடி கைய நல்லாக் கழுவிக்குங்க. வாய்ல பட்டுறக் கூடாது." நீங்க என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. என் மனைவி பூரித்துப்போனாள். "பாத்தீங்களா, எங்கப்பாவுக்கு ஒங்க மேல எம்புட்டு அக்கற!" என்றாள். நான் எழுந்துபோய்க் கிணற்றடியில் கை கழுவினேன். திரும்பி வந்து பார்க்கையில் அவள் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் மென்றுகொண்டே என் கைகளைப் பார்த்தார்.

மகளிடம் அவர் சொல்லவே இல்லை. பங்குச் சாமியாரிடம் சொல்லவில்லை, துரைக்கு ஆள் விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் கூச்சல், ஒரு நாள் அடிதடி, அதோடு போயிருக்கும். அவர் பிழைக்கத் தெரிந்தவர். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு வேளைகூடத் தவறாமல், நான் தட்டின் முன் உட்காருகிற சமயம் பார்த்து, "கை கழுவிட்டீங்களா மாப்ளே?" என்று கேட்டார். பண்டிகை நாளில் உறவினர் நடுவில் கேட்டார். என் மகளுக்கு ஞானஸ்நான விருந்து நடந்தபோது பந்தியில் கேட்டார். பார்த்தவர்களெல்லாம், கை போனபின் மனுஷன் எவ்வளவு சாந்தமாகிவிட்டான் என்று மெச்சினார்கள். நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியார் முன் முழங்காலிட்டபோதெல்லாம் என் பாவங்களை அந்த டப்பாவைப் படித்த மாதிரியேதான் படித்தேன். கடைசி நாலு வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். சாகிற அன்று என்னைக் கூப்பிட்டார் என்றார்கள். ஓடிப்போய்க் குனிந்தேன். பேச்சு வரவில்லை. கண் மட்டும் என் கைகளுக்கு இறங்கியது.

கொட்டகையைப் பிற்பாடு இடித்துவிட்டார்கள். இடிக்கிற அன்று போய் வாசக்காலிலிருந்து ஓர் உருண்டையைப் பேனாக்கத்தியால் பெயர்த்து எடுத்துவந்தேன். அத்தனை உருண்டைகளில் ஒன்று நான் உருட்டி நீட்டியது. இதுதான் அது என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன், வேறாகவும் இருக்கலாம். துரைமார் போய்விட்டார்கள். படகுச் சாமானுக்கு அடியில் வைக்க இப்போது ரப்பர் மாதிரி ஏதோ குழாயில் அடைத்து வருகிறதாம், அதிலும் பொடி எழுத்து இருக்கும். அவர் வைத்த தகடுகள் நான் வேலையை விடுகிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இறக்கவில்லை.

என் மனைவிக்கு எண்பது ஆகப் போகிறது. ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, பேரப்பிள்ளைகள் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறாள். அப்பாவின் கேள்வியை மட்டும் மறக்கவில்லை. அவர் போன மறுநாளே அதை அவள் எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளிடம், பேரப்பிள்ளைகளிடம், வந்த மருமக்களிடம், "எங்கப்பா சொன்னது, கைய நல்லாக் கழுவிட்டு ஒக்காருங்க" என்பாள். எங்கள் குடும்பத்துக்கு அது ஒரு ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. இதை எழுதுவதற்காகச் சிகரெட் டப்பாவைத் திறந்து உருண்டையை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். விரலில் லேசாக வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது. உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறது. இப்போது கூப்பிடுவாள், அதைக் கேட்பாள். நான் எழுந்துபோய்க் கழுவ வேண்டும்.